பொருந்தாத மாலை

"உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு," என்றார் சட்டத்தரணி பாமினி. "ஒண்டு நீளமான வழி. மற்றது உங்கட ரெண்டு பேற்ற தலைக்குள்ளாலயும் போற வழி."

ஆரணி சிரித்தாள். பாமினி சிரிக்கவில்லை.

அந்த அலுவலகம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே மீன்கடை. வார இறுதி என்பதால் மீன் வெட்டும் சத்தம் தரைவழியாக மேலே வந்துகொண்டிருந்தது. ஆரணி நாற்காலியில் இருந்தாள். அவளுடைய கணவன் சேந்தன் சுவர்த்திரையில் தெரிந்தான். அவன் அமெரிக்கப் பக்கம், பஃபலோவில் தன் வீட்டுச் சமையலறையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தான். கல்யாணமாகி ஒரு கோடைகாலம்தான் முடிந்திருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு ஆறும், ஒரு பாலமும், ஒரு எல்லையும் கிடந்தன.

சேந்தனால் கனடாவுக்கு வந்துவிட முடியாது. முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் நிலானிக்குப் பதினான்கு வயது. ஒரு வாரம் தாய் கார்த்திகாவோடு, மறுவாரம் தகப்பனோடு என்று நீதிமன்றம் தீர்த்து வைத்திருந்தது. கார்த்திகாவின் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். ஆகவே போக வேண்டியவள் ஆரணி. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பு எந்த ஊரிலும் முறியும், எனக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தாள்.

"நீளமான வழி எண்டால் பழைய மாதிரி. சாதாரண கணவன் மனைவி விசா," என்றார் பாமினி. "நாலைஞ்சு வருசம் இழுக்கும். இதில இன்னொரு சிக்கல். விண்ணப்பம் போட்ட உடனே, நீங்கள் அங்க போய் நிண்டிட விருப்பமான ஆள் எண்டு அவைக்குத் தெரிஞ்சிடும். பிறகு சும்மா பாத்திட்டு வரப் போனாலும் பாலத்தில மறிப்பினம். விடுறதும் விடாததும் அண்டைக்கு நிக்கிற அதிகாரியின்ர மனசு. போன மாசம் ஒரு பிள்ளை புருசன்ர பிறந்தநாளுக்குப் போனவ. கேக்கோட திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"மற்ற வழி?" என்று கேட்டான் சேந்தன் திரையிலிருந்து.

"நினைவு விசா. ஒரு வருசத்துக்குள்ள முடியும். ஒவ்வொரு வார இறுதியும் தாராளமாப் போய் வரலாம், ஒருத்தரும் மறிக்க மாட்டினம். ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்பி வரேக்க பாலத்தடியில ஒரு அறைக்குப் போகோணும். தலையில ஒரு பட்டை போடுவினம். அந்த ரெண்டு நாளும் என்ன நடந்ததெண்டு நீங்கள் மனசுக்குள்ள நினைச்சுப் பாக்கோணும். அவரும் அதையே வேற அறையில இருந்து செய்வார். மெசின் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கும். ஒரே வீட்டில, ஒரே மேசையில இருந்த ஆக்களோ எண்டு பாக்கும். பொருந்தினா பச்சை."

"பொருந்தாட்டி?"

"மஞ்சள். இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லும். ஆர் என்ன நினைச்சது எண்டு சொல்லாது. அது தனிப்பட்ட விசயமாம்." பாமினி தோளைக் குலுக்கினார். "போலிக் கல்யாணத்தைப் பிடிக்கத்தான் இதைக் கொண்டு வந்தவை. உங்களுக்கு என்ன பயம்?"

சேந்தன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஆரணி, நாங்கள் மெதுவான வழியிலயே போவமே?"

"நாலைஞ்சு வருசமோ?"

"எனக்கு என்ர தலைக்குள்ள ஆக்கள் பூருறது விருப்பமில்லை."

"ஏன், மறைக்க ஏதும் இருக்கே?"

பகிடியாகத்தான் கேட்டாள். சேந்தனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு கணம் தாமதித்து வந்தது. இணைப்பு இழுபட்டதா, அவன் இழுபட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டது.

அவர்கள் நினைவு விசாவையே எடுத்தார்கள்.

*

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே போனது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஆரணி பஸ் ஏறுவாள். பாலத்தில் அதிகாரி அவள் முகத்தைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, கையசைப்பார். மறுகரையில் சேந்தன் காரோடு நிற்பான். அவனுடையது பழைய மரவீடு. சமையலறைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே மரத்தளம். நிலானி இருக்கும் வாரங்களில் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஹாய் ஆன்ட்டி," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு மேலே போய்விடுவாள். ஆரணி அவளுடைய அறைக்கதவைத் தட்டவில்லை. நேரம் இருக்கிறது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது இருவரும் பாலத்தடியில் இறங்குவார்கள். 'ஈரிழை' என்ற கம்பனி நடத்தும் நினைவு அறைகள் அங்கே வரிசையாக இருந்தன. அவள் ஒன்றில், அவன் ஒன்றில். பட்டை குளிராக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, அவன் தோசைக்கு மாக்கரைத்ததை, காரில் பாட்டுக்குத் தாளம் தட்டியதை, கழுத்தில் முத்தமிட்டதை எல்லாம் அவள் ஒருமுறை மறுபடி வாழ்ந்து பார்ப்பாள். வெளியே வந்தால் பச்சை. இதற்கு ஏன் பயந்தோம் என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. வெளியே பனி அரைகுறையாக உருகிக் கிடந்தது. சாப்பாடு முடிந்து ஆரணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சேந்தனின் போன் மேசையில் நடுங்கியது. அவன் பார்த்தான். எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போய், கதவை இழுத்து மூடினான். குளிருக்கு மூடியிருப்பான். உள்ளே விளக்கு எரிந்ததால் கண்ணாடியில் அவளுடைய முகமும் வெளியே நின்ற அவனுடைய முகமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அவன் வாய் கோணியதைப் பார்த்தாள். சிரிக்கிறான் போல என்று நினைத்தாள். ஆவி படிந்த கண்ணாடியில் அதற்கு மேல் தெரியவில்லை.

திரும்பி வந்தவன் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "வேலையில இருந்து," என்றான். நகரத்தின் தண்ணீர் வழங்கும் நிலையத்தில் அவன் பொறியியலாளன். "பம்ப் ஒண்டு நிண்டிட்டுதாம்."

"போகோணுமே?"

"இல்லை, சமாளிச்சிடுவினம்." துவாலையை எடுத்துப் பாத்திரம் துடைக்கத் தொடங்கினான். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஞாயிறு அவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது முதன்முறையாக மஞ்சள் எரிந்தது. கீழே ஒரே வரி: சமையலறை. சனி மாலை. பொருந்தவில்லை.

*

பஸ்ஸில் ரொறன்ரோ வரும்வரைக்கும் அவள் அந்த மாலையையே பிரித்துப் போட்டுப் பார்த்தாள். சாப்பாடு பொருந்தியிருக்க வேண்டும். பாத்திரம் பொருந்தியிருக்க வேண்டும். மிச்சம் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவனை அழைத்தாள். "சனிக்கிழமை பின்னேரம் என்ன நடந்தது, சொல்லுங்கோ பாப்பம்."

"ஏன், அந்த மஞ்சளை யோசிக்கிறீரோ?" அவன் குரல் இயல்பாகத்தான் இருந்தது. "சாப்பிட்டம். நீர் கழுவினீர். கோல் வந்தது. நான் வந்து துடைச்சனான்."

"கோல் எடுத்தது ஆர்?"

"வேலையில இருந்தெண்டு சொன்னனானே."

"நீங்கள் சிரிச்சனீங்கள்."

"நானோ?" என்றான். "பம்ப் உடைஞ்சதுக்கு ஆர் சிரிப்பான், ஆரணி? மெசினுக்கு ஏதோ பிழை. விடும்."

அவள் விட்டாள். அல்லது விட்டதாகச் சொன்னாள். படுக்கையில் கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடி வந்து நின்றது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவனுடைய முகம் கொஞ்சம் தெளிவாகியது. ஆவி விலகியது. அது சிரிப்புத்தான், சந்தேகமில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கார்த்திகாவிடம் ஒருவன் எப்படிச் சிரிப்பானோ, அப்படி.

மே மாதத்தில் சேந்தனுடன் வேலைசெய்யும் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட்டு விருந்து கொடுத்தார். பெயர் ஹெக்டர். நல்ல மனிதர், நிறையப் பேசுவார். தட்டோடு பக்கத்தில் வந்து நின்றவரிடம் ஆரணி பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "மார்ச் மாதத்தில் உங்களுக்குப் பெரிய தலையிடியாம். பம்ப் நின்றுபோனதாமே, ஒரு சனிக்கிழமை?"

ஹெக்டர் யோசித்தார். "மார்ச்சிலா? இல்லையே. இந்த வருடம் எங்களுக்கு நல்ல வருடம். ஒரு பம்ப்கூட நிற்கவில்லை."

சுட்ட சோளம் ஆரணியின் வாயில் அப்படியே நின்றது. தோட்டத்தின் மறுகோடியில் சேந்தன் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பையும் கண்ணாடியில் கண்ட சிரிப்பையும் அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தில் மயிரிழை முறிவு தேடுவதுபோல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை வரும், அதையும் நம்பலாமா என்று பார்க்க வேண்டும். கேட்காமல் இருந்தால் தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு பிடியாவது தன் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு மஞ்சள் அடிக்கடி விழுந்தது. கார். கடைத்தெரு. படுக்கையறை. எதுவும் நடக்காத நேரங்களிலும் விழுந்தது. அவன் தொட்டபோது அவள் எதை நினைத்தாளோ அதற்கும், அவன் எதை நினைத்தானோ அதற்கும் இடையில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. மெசினுக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பாமினி அழைத்தார். "என்ன இது, ஆடிக்குள்ள இத்தனை மஞ்சள்? இப்பிடியே போனா நேர்காணலுக்குக் கூப்பிடுவினம். பிறகு விண்ணப்பமே அள்ளுப்பட்டுப் போயிடும். திரும்பவும் போட ஏலாது, தெரியுமே?"

"என்ன செய்யிறது?"

"எல்லாரும் செய்யிறதைத்தான். அறைக்குள்ள போக முதல் ரெண்டு பேரும் காருக்குள்ள இருந்து கதைச்சு ஒண்டாக்குங்கோ. காலமை என்ன, மத்தியானம் என்ன எண்டு. சோதினைக்குப் படிக்கிற மாதிரி."

*

படித்தார்கள். பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் படித்தார்கள்.

"காலமை?"

"தோசை. முதல் தோசை கருகிப் போச்சுது."

"ரெண்டாவதும் கருகினது."

"இல்லை, முதலாவது மட்டும்."

"சரி, முதலாவது. பிறகு?"

"மழை தூறினது. நீர் ஜன்னல் மூடினீர்."

"ஜன்னல் மூடினது நீங்கள்."

"அப்ப நான் எண்டே வைச்சுக்கொள்ளுவம்."

கொஞ்ச நாளில் காருக்குள் படிப்பது போதாமல் போய்விட்டது. ஒவ்வொன்றும் நடக்கும்போதே சொல்லிக்கொண்டார்கள். இப்ப நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறம். இப்ப நிலானி படியில இறங்கி வாறா, நீலச் சட்டை. ஒருநாள் நயாகராவுக்குப் போனார்கள். தண்ணீர்த் தூளில் நனைந்து நின்றபோது சேந்தன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கொஞ்சம் பயமாவும் சந்தோசமாவும் இருக்கு, உமக்கு?" என்றான். "எனக்கும்," என்றாள். பிறகு அதை நினைத்துப் பார்த்தபோது தனக்கு உண்மையில் என்ன இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் சொன்ன சொற்கள்தான் இருந்தன.

பச்சை வந்தது. தொடர்ந்து பச்சை. வரிசை முழுவதும் இலை விட்டதுபோல. பாமினி சந்தோஷப்பட்டார். இலையுதிர்காலம் தொடங்கும்போது அழைப்பு வந்தது. இருவரும் ஒன்றாகப் பாலத்து அலுவலகத்துக்கு வர வேண்டும்.

*

அதிகாரியின் பெயர் டெலேனி. ஐம்பது வயதிருக்கும், தடிமனுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சேந்தனை வேறு அறையில் இருத்தியிருந்தார்கள்.

"உங்களை ஏன் கூப்பிட்டோம் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மஞ்சள் கூடியதால் என்று நினைத்தேன். இப்போதுதான் பச்சையாகிவிட்டதே."

"அதுதான் பிரச்சினை." டெலேனி திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஒரே வீட்டில் வாழும் இரண்டு பேருக்கு ஒரே நாள் ஒரே மாதிரி ஞாபகம் இருக்காது. ஒருவருக்குக் கருகிய தோசை இருக்கும், மற்றவருக்கு அதன் மணம்கூட இருக்காது. கொஞ்சம் மஞ்சள் இருந்தால் நாங்கள் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் உங்கள் கடைசி இரண்டு மாதங்களும் ஒரு தாளை இரண்டு பிரதி எடுத்ததுபோல இருக்கிறது. இப்படி வருவது யாருக்குத் தெரியுமா? காசு கொடுத்துக் கல்யாணம் செய்தவர்களுக்கு. அவர்கள்தான் பாடமாக்குவார்கள்."

"நாங்கள் அப்படி இல்லை."

"எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நிராகரிக்கச் சொல்லித்தான் எனக்குப் பரிந்துரை வந்திருக்கிறது." அவர் மூக்கைத் துடைத்தார். "ஒரு வழி இருக்கிறது. பாடமாக்குவதற்கு முன்னால் விழுந்த ஒரு மஞ்சளைத் திறக்கலாம். மார்ச் மாதம், சமையலறை. அதுதான் ஆகப் பெரிய வேறுபாடு. திறந்தால், அந்த மாலை இன்று உங்கள் மனதில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இரண்டு பக்கமும் திறக்கும். அவருடையதை நீங்கள் பார்ப்பீர்கள், உங்களுடையதை அவர் பார்ப்பார், நான் இரண்டையும் பார்ப்பேன். இருவரும் சம்மதிக்க வேண்டும்."

"அவர் என்ன சொன்னார்?"

"உடனே சம்மதித்துவிட்டார்."

உடனே. ஏன் உடனே? அந்த மாலை அவனுக்கு அவ்வளவு சாதாரணமா? அல்லது மார்ச் மாதத்து நினைவை எப்படியோ கழுவி எடுத்துவிட்டானா? அதைச் செய்து கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்களாம் என்று எங்கோ கேட்டிருந்தாள். அதிகாரி சொன்னதில் பாதிதான் அவளுடைய காதில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் என்ன கதைத்தான் என்று பார்க்கப் போகிறோம். இத்தனை மாதமும் இதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"திறவுங்கள்," என்றாள்.

பட்டை குளிராக நெற்றியில் படிந்தது.

முதலில் குளிர் தெரிந்தது. பிறகு மரத்தளம். படம் தெளிவாக இல்லை. ஈரக் கடுதாசியில் மை ஊறியதுபோல ஓரங்கள் கலைந்திருந்தன. காதோடு போன். அதில் நிலானியின் குரல்.

"அப்பா, அவ கட்டாயம் வரத்தான் வேணுமே?"

"நிலா, என்னம்மா இது?"

"அவ வந்தா நான் அம்மா வீட்டிலயே இருந்திடுறன். உங்களுக்குக் கஷ்டமில்லாம இருக்கும்."

மார்புக்குள் பாரம் இறங்கியது. அது சேந்தனுடைய பாரம், ஆனால் ஆரணிதான் சுமந்தாள். அவன் வாயைக் கோணிக் கோணி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான். தோளால் கண்ணைத் துடைத்தான்.

"எனக்கு நீயும் வேணும், அவவும் வேணும். ரெண்டு பேரில ஒராளை எடு எண்டு மட்டும் என்னைக் கேக்காதை, பிள்ளை. என்னால ஏலாது."

அவன் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பெண், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் நுரையோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். ஆரணி தன்னை இவ்வளவு அழகாக எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. இவளிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை தன்னை வேண்டாமெண்டுறா எண்டு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா என்று அவன் நினைத்தது அவளுக்குள் ஓடியது. பம்ப் என்று சொல்லுவம். பம்ப் நிண்டிட்டுது.

படம் அணைந்தது.

ஆரணி பட்டையைக் கழற்றவில்லை. இவ்வளவுதானா? ஒரு பொய் இருந்தது, ஆனால் இந்தப் பொய்யா?

டெலேனி எதிரே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் இளகியிருந்தது. "நான் அங்கீகரிக்கப் போகிறேன்," என்றார்.

"எதை வைத்து?"

"உங்களுடையதை வைத்து. போலிக் கல்யாணத்தில் மனைவி இப்படி வேதனைப்பட மாட்டாள். வாடகைக்கு வந்த புருஷன் வெளியே நின்று யாரோடு சிரித்தால் அவளுக்கென்ன?"

அப்போதுதான் அதிகாரி முதலிலே சொன்னதன் மற்றப் பாதி அவளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும்.

*

சேந்தன் நடைக்கூடத்து வாங்கில் இருந்தான். அவளைக் கண்டதும் எழும்பவில்லை. நெற்றியில் பட்டையின் தடம் சிவந்து கிடந்தது.

"தந்திட்டினம்," என்றாள் ஆரணி. "விசா."

"ஓம். சொன்னவை."

அவள் பக்கத்தில் இருந்தாள். வேலைமுறை மாறுகிற அதிகாரிகள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அவன் கேட்டான்: "ஆரணி, நான் அப்பிடியோ சிரிக்கிறனான்?"

அவள் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்த முகம் என்ர இல்லை. எங்கயோ ஒரு கள்ளன்ர முகம் மாதிரி. பல்லெல்லாம் தெரிய." அவன் தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். "நான் சொன்னது பொய்தான். பிள்ளை சொன்னதை உம்மட்ட சொல்லியிருக்கோணும். அது என்ர பிழை. ஆனா நீர் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டனான். பம்ப் எண்டு சொன்னீங்கள். பிறகு ஹெக்டர்ட்டக் கேட்டன். ஒரு பம்பும் நிக்கேல்லை எண்டார்."

"எப்ப கேட்டனீர்?"

"மே மாசம்."

அவன் ஆறு தெரியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஏதோ கணக்குப் பார்த்தான். மேயிலிருந்து இன்றுவரை எத்தனை வார இறுதிகள், எத்தனை காலைகள் என்று எண்ணுகிறான் என்று அவளுக்கு விளங்கியது.

"அப்ப நயாகராவில," என்றான் மெதுவாக. "என்ர கையப் பிடிச்சுக்கொண்டு நிண்டீரே. அப்பவும் நான் உமக்கு அந்த ஆள்தானோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நாளை அவள் பாடமாக்கி வைத்திருந்தாள், பயமும் சந்தோஷமும் என்று ஒப்புவித்திருக்கலாம். ஆனால் அவன் இப்போதுதான் அவளுடைய தலைக்குள்ளிருந்து வந்திருக்கிறான்.

"ஓம்," என்றாள்.

சேந்தன் தலையாட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிறகு பலமுறை நினைத்தாள். எழுந்து, அவளுடைய பையையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, காருக்கு நடந்தான்.

*

ஆரணி அந்த வருடமே பஃபலோவுக்குக் குடிவந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நிலானிதான் அவள் எதிர்பார்க்காத பக்கமிருந்து வந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது தகப்பனை அழைக்காமல் ஆரணியை அழைத்தாள். தன் எலும்பின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது நானோ?" என்று வியந்தாள். அதன்பிறகு மாடிக்கதவு திறந்தே கிடந்தது. அந்தப் போன் பேச்சைப் பற்றி ஆரணி அவளிடம் ஒருபோதும் கேட்கவில்லை.

சேந்தன் அன்பாகத்தான் இருந்தான். குரல் உயர்த்தியதில்லை, எதையும் சொல்லிக் காட்டியதில்லை. மற்றவர்கள் பார்த்தால் நல்ல குடும்பம் என்பார்கள். கார்த்திகாவே ஒருநாள் மகளைக் கொண்டுவந்து விட்டபோது வாசலில் நின்று, "உங்களை அவருக்கு நல்லாப் பிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மையாகத்தான் சொல்கிறாளா என்று ஆரணி அவளுடைய கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரியில் ஒருநாள் பனி கொட்டித் தள்ளியது. சேந்தன் வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது. ஆரணியும் நிலானியும் மேசையில் இருந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். கதவு திறந்தது. அவன் தோளில் பனியோடு நின்றான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மெயின் ரோட்டில ஒரு லொறி சறுக்கிக் குறுக்க நிண்டுது. பொலிஸ் மறிச்சிட்டுது. அதால ஆத்தங்கரை ரோட்டால வந்தனான். ஹெக்டரையும் ஏத்திக்கொண்டு வந்து அவர் வீட்டடியில இறக்கினனான். அவர் உள்ள வாங்கோ எண்டார், நான் போகேல்லை. பிறகு பால் வாங்க நிண்டனான். கடையில ரெண்டு பேர்தான் நிண்டவை, ஒரு கிழவனும் காசாளரும்..."

நிலானி கரண்டியை வைத்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள், பிறகு ஆரணியைப் பார்த்தாள்.

"சேந்தன்," என்றாள் ஆரணி. "நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"தெரியும்," என்றான் அவன். பனி உருகி அவனுடைய காலடியில் நீராகிக்கொண்டிருந்தது. "கடைக்கு வெளியில காரில கொஞ்ச நேரம் இருந்தனான். ஆரோடயும் கதைக்கேல்லை. கண்ணாடியில ஆவி வெளிக்கும் வரைக்கும் சும்மா இருந்தனான்."

போதும், வந்து சாப்பிடுங்கோ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

சொல்லவில்லை. அவன் அடுத்து எந்தத் தெருவால் திரும்பினான் என்று கேட்பதற்காக, கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு, காத்திருந்தாள்.